பெருக்கிப் பார்க்காத மனிதர்

போன மாதம் என் வீட்டுக்கு ஓர் இளம் ஆசிரியை வந்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது கணக்குப் பாடம் எடுக்கிறவள். கையில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட ஓர் அட்டை வைத்திருந்தாள். இனிமேல் பரீட்சைத் தாளைப் படிக்கவே வேண்டாமாம். அட்டையைத் தாளின்மேல் வைத்தால் சரியான விடை ஓட்டை வழியாகத் தெரியும். தெரியாவிட்டால் தவறு.

"எவ்ளோ சுளுவா இருக்கு பாருங்க டீச்சர். ஒரு வகுப்புத் தாள் முழுக்க உக்காந்த எடத்துல திருத்திடலாம்லா" என்றாள்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள். "ஏன் டீச்சர், பிடிக்கலையா?" என்று கேட்டாள். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆறத்தான் வேண்டும் என்றும் தோன்றவில்லை.

என் அப்பா பாரிட் புந்தார் பக்கம் ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போட்டு, மருந்து கலந்து கொடுக்கிற வேலை. வீட்டைச் சுற்றி வயலும் வாய்க்காலும்தான். படிக்கட்டும் என்று என்னை ஈப்போவுக்கு அனுப்பி, மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் இங்கிலீஷ் பள்ளியின் விடுதியில் சேர்த்தார். படித்து முடித்ததும் அங்கேயே ஆசிரியையாக வைத்துக்கொண்டார்கள். வாரம் முழுக்கப் பாடம் நடத்துவோம். சனிக்கிழமை வேறொரு பள்ளிக்குப் போய், பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்வோம். அந்த வகுப்பில் பெண்கள் பின் வரிசையில்தான் உட்கார வேண்டும். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நான் தேறினேன். என்னோடு தேறிய ஆண்கள் பெரிய வகுப்புகளுக்குப் போனார்கள். எனக்குத் தையலும் சின்ன வகுப்புக் கணக்கும் கொடுத்தார்கள்.

பெண்கள் பள்ளிக்கு அல்ஜீப்ரா வந்ததே ஒரு தகராறுக்குப் பிறகுதான். அப்போது சீமையிலிருந்து தாள் வரும் ஒரு பரீட்சை இருந்தது. அதில் தேறினால் ஆசிரியை வேலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் போகலாம். எங்கள் தலைமையாசிரியை மிஸ் ஹார்டிங், மெலிந்த, நல்ல மனசுள்ள வெள்ளைக்காரி. எங்கள் பெண்களையும் அந்தப் பரீட்சைக்கு அனுப்ப ஆசைப்பட்டார். அதற்கு அல்ஜீப்ரா வேண்டும். "இதுங்களுக்கு எதற்கு அல்ஜீப்ரா? எக்ஸையும் ஒய்யையும் வைத்தா குழம்பு கொதிக்கப் போகிறது?" என்று பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் கேட்டாராம். மிஸ் ஹார்டிங் எப்படியோ பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ஆண்கள் பள்ளியின் மூத்த கணக்கு ஆசிரியர் மிஸ்டர் கிரேசன் தாள் எழுதித் தேர்வு வைப்பார். அவர் தேறினார்கள் என்று சொல்கிற பெண்களை மட்டும்தான் சீமைப் பரீட்சைக்கு அனுப்பலாம்.

பாடம் நடத்தும் வேலை எனக்கு வந்தது. தையல் அறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கடைசி மணி வகுப்பு. மூன்றே பெண்கள்.

நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் நடந்தது அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

12a²b − 18ab² என்று இருக்கிறது. இதைக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். முதலில் எண்களைப் பார்க்கச் சொல்வேன். பன்னிரண்டையும் பதினெட்டையும் மிச்சமில்லாமல் வகுக்கிற பெரிய எண் எது? ஆறு. மூன்றும் வகுக்கும், இரண்டும் வகுக்கும். ஆனால் அதோடு நின்றால் வேலை பாதிதான் முடிந்தது, அடைப்புக்குறிக்குள்ளே இன்னும் பொதுவாக ஒன்று ஒளிந்திருக்கும். அப்புறம் எழுத்துகள். இரண்டு உறுப்பிலும் a இருக்கிறதா? இருந்தால் எதில் அடுக்கு குறைவோ அதை எடு. b-யும் அப்படியே. ஆக 6ab வெளியே வருகிறது. ஒவ்வோர் உறுப்பையும் அதால் வகுத்து, கிடைத்ததை உள்ளே எழுது: 6ab(2a − 3b). இதோடு முடியவில்லை. கடைசியாக வெளியே இருப்பதை உள்ளே இருப்பதோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் இருந்தது திரும்பி வந்தால் சரி. வராவிட்டால் தப்பு. சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள், பெருக்கிப் பாருங்கள் என்பேன். இதை நான் சொல்லாத நாளே இல்லை.

மூன்று பேரில் ஒருத்தி சீனப் பெண், ஒருத்தி யுரேசியப் பெண். மூன்றாவது தனம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணியின் மகள். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் அந்த வேலையைத்தான் கிராணி வேலை என்போம். தனம் உயரமாக இருப்பாள், பேச்சு குறைவு. ஒரு விஷயம் மனசுக்குப் பிடிபடாவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவாள். அதட்டினாலும் எடுக்க மாட்டாள்.

அப்படி அவள் பென்சிலை வைத்தது 5ab + 5a என்ற கணக்கில். பொதுக் காரணி 5a என்று கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே b என்று எழுதினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறு பேசக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். பேசினால் பிள்ளைகளை வெளியே நிற்க வைப்பார்கள், ஆசிரியையைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இங்கிலீஷில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் கேட்டேன்.

"என்ன தனம், எங்க நிக்குது?"

"ரெண்டாவதுல அஞ்சு ஏவ அப்படியே வெளிய எடுத்துட்டோம். அப்புறம் உள்ள ஒண்ணுமில்லையே டீச்சர்?"

"ஒண்ணுமில்லையா, ஒண்ணா?"

"ஒண்ணுமில்ல."

"அஞ்சு ஏவ அஞ்சு ஏவால வகுத்தா என்ன வரும்?"

"ஒண்ணு."

"அப்ப உள்ள என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "ஒண்ணுமில்ல இல்ல டீச்சர், ஒண்ணு!" என்று சொல்லி 5a(b + 1) என்று எழுதினாள். பெருக்கிப் பார்த்தாள். நான் சொல்லாமலேயே பெருக்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் எந்தக் கணக்கையும் அப்படிச் சரிபார்க்காமல் என்னிடம் காட்டியதே கிடையாது.

மைனஸில் தொடங்கும் கணக்குகளுக்கு நான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். −6x² + 9x என்று இருந்தால், மைனஸையும் சேர்த்து வெளியே எடுப்பது புத்தக வழக்கம். அப்போது −3x(2x − 3) என்று வரும். மைனஸை வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கிற குறியெல்லாம் மாற வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் அங்கேதான் வழுக்கி விழுவார்கள். அதனால் முதலில் இடம் மாற்றி 9x − 6x² என்று எழுதிக்கொள்ளுங்கள், பிறகு 3x(3 − 2x) என்று எடுங்கள் என்றேன். இரண்டும் ஒன்றுதான். பெருக்கினால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மிஸ்டர் கிரேசன் தேர்வு வைக்க எங்கள் பள்ளிக்கு வந்தார். அவரைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். குரலை உயர்த்தியதே இல்லை. பெண்கள் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றுவார், பியூனுக்குக் கூட நன்றி சொல்வார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. சுண்ணக்கட்டியைத் தொட்டால் உடனே கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொள்வார். யாராவது அவர் சொன்னதற்கு மாறாக ஒன்று சொன்னால், "இருக்கலாம்" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

அவர் தாள் திருத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கு மை ஒற்றும் தாளும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. மேசையின் இடது பக்கத்தில் அவரே எழுதி வைத்த விடைகள். வலது பக்கத்தில் பெண்ணின் தாள். கண் இடது பக்கம் போகும், வலது பக்கம் வரும். கடைசி வரியை மட்டும்தான் பார்க்கும். மேலே அந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள், எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்பதை அந்தக் கண் தொட்டே பார்க்கவில்லை. இடது பக்கத்தில் இருப்பதும் வலது பக்கத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் ஒரு சரி. பொருந்தாவிட்டால் சின்னதாக, அழகாக ஒரு பெருக்கல் குறி.

தனத்தின் தாளில் அந்தக் குறியைப் போட்டபோது நான் எட்டிப் பார்த்தேன். கேள்வி −6x² + 9x. தனம் எழுதியிருந்தது 3x(3 − 2x). அவருடைய விடை −3x(2x − 3). அதே கேள்வியின் இரண்டாம் பாகம், இந்தக் கோவை பூஜ்யமானால் x என்ன என்று கேட்டது. தனம் பூஜ்யம் அல்லது ஒன்றரை என்று எழுதியிருந்தாள். எந்த வழியில் போனாலும் அதுதான் விடை, அவருடைய தாளிலும் அதுதான் இருந்தது. ஆனால் முதல் பாகம் தப்பு என்று போட்டபின் இரண்டாம் பாகத்தை அவர் பார்க்கவே இல்லை. நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

மற்ற இரண்டு பெண்களும் அதே மாதிரிதான் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் குறி விழுந்தது. ஆனால் அதே தேர்வில் இருந்த ஜியாமெட்ரித் தாளில் கிடைத்த மார்க் அவர்களைத் தூக்கிவிட்டது. தனம் ஜியாமெட்ரித் தாளை மலேரியாக் காய்ச்சலோடு எழுதியவள். பாதிக்கு மேல் எழுத முடியவில்லை. இந்த ஒரு கேள்விக்கு மார்க் கிடைத்திருந்தால் தேறியிருப்பாள். கிடைக்காததால் தேறவில்லை.

அப்போதே வாயைத் திறந்தேன். "சார், அந்த விடை சரிதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்க வேண்டும்?"

"இரண்டும் ஒன்றுதான், சார். பெருக்கிப் பாருங்கள்."

அவர் பெருக்கிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம் இல்லை, சார். இருக்கிறது."

சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இங்கிலீஷில் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "முதல் உறுப்பு மைனஸாக இருந்தால் மைனஸை வெளியே எடுக்க வேண்டும், மிஸ் கோமதி. அதுதான் வழக்கம்."

"வழக்கம்தானே, சார். கேள்வியில் அப்படி எழுத வேண்டும் என்று எங்கேயும் போடவில்லையே."

அப்போது அவர் சிரித்தார். நல்ல மனிதர்கள் சிரிக்கிற சிரிப்புதான். "உங்கள் பெண்கள் மூவரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். மூவரும் ஒரே மாதிரி தவறியிருக்கிறார்கள். வேறு ஒருவராக இருந்தால் இதற்கு என்ன பெயர் சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். நான் மிஸ் ஹார்டிங்கிடம் எதுவும் சொல்லப் போவதில்லை. அதைக் கவனத்தில் வையுங்கள்."

பார்த்து எழுதினார்கள் என்கிறார். அதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் செய்கிற உபகாரமாம்.

"யாரும் பார்த்து எழுதவில்லை, சார். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்."

"அப்படியானால் தவறு எங்கே தொடங்கியது என்பது தெரிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

அவர் போனதும் நேரே மிஸ் ஹார்டிங்கின் அறைக்குப் போனேன். அவருக்கு அல்ஜீப்ரா அவ்வளவாகத் தெரியாது. அதனால் எண்களை வைத்துக் காட்டினேன். "x என்பது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் போட்டால் மைனஸ் ஆறும் ஒன்பதும், ஆக மூன்று. தனத்தின் விடையில் போடுங்கள். மூன்றை ஒன்றால் பெருக்குங்கள், மூன்று. அதே மூன்று. மிஸ்டர் கிரேசன் விடையிலும் அதே மூன்று." அடுத்து இரண்டைப் போட்டோம். மூன்று இடத்திலும் மைனஸ் ஆறு வந்தது. அப்புறம் மிஸ் ஹார்டிங் தானாகவே பத்தைப் போட்டுப் பார்த்தார். பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பெண் சரியாகத்தான் செய்திருக்கிறாள்" என்றார்.

"ஆமாம், மிஸ்."

"என்ன செய்வது, கோமதி? மிஸ்டர் கிரேசன் நமக்காகத் தன் சனிக்கிழமைகளைக் கொடுக்கிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் திருத்திய தாளை நான் திருப்பி அனுப்பினால் அவருக்கு எவ்வளவு சங்கடம், யோசித்துப் பார்."

"தனத்துக்குச் சங்கடம் இல்லையா, மிஸ்?"

"அவளுக்கு அடுத்த வருடம் இருக்கிறதே."

"அவளுக்கு அடுத்த வருடம் கிடையாது. இந்தத் தடவை தேறாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் அப்பா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். உங்களுக்கும் தெரியும்."

அவருக்குத் தெரியும். அந்த வாரக் கப்பலில் பரீட்சைக்குப் போகிறவர்களின் பெயர்கள் சீமைக்குப் போயின. தனத்தின் பெயர் போகவில்லை.

இதை நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்கள், அந்த வெள்ளைக்காரருக்கு அல்ஜீப்ரா தெரியாது போலிருக்கிறது என்பார்கள். நன்றாகத் தெரியும். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது, அது அவர் முகத்தில் தெரிந்தது. மிஸ் ஹார்டிங்குக்கும் புரிந்தது. தெரியாமல் செய்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். ஒரு மரியாதைக்காக, ஒரு மனிதர் தேநீர் குடிக்கும்போது முகம் சுளிக்காமல் இருப்பதற்காக, ஒரு பெண்ணின் படிப்பை விலையாகக் கொடுத்துவிட்டார்கள்.

தனத்தை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நான் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். ரயிலிலிருந்து இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தபோது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவர்கள் வாளிகளோடு லயங்களுக்கு, தங்கள் வரிசை வீடுகளுக்கு, திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிராணி வீடு லயங்களிலிருந்து தள்ளி, ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்தது. தனத்தின் அப்பா பெயர் வேலாயுதம். பொல்லாதவர் என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தனத்தின் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார்.

"இன்னும் ஒரு வருசம் விட்டுவைங்க" என்று கேட்டேன். "அவ போட்டது சரி. திருத்துனவங்கதான் தப்புப் பண்ணிட்டாங்க."

"டீச்சர், நீங்க இவ்வளோ தூரம் வந்து சொல்றீங்க. நான் உங்கள மதிக்கிறேன்" என்றார் அவர். "ஆனா தொரையே தப்புன்னு போட்டுட்டாரு. நீங்க சரின்னு சொல்றீங்க. நான் யார நம்புறது?"

"என்னையும் நம்ப வேணாம், அவரையும் நம்ப வேணாம். கணக்க நம்புங்க."

"கணக்கு எனக்கு வேல குடுக்குமா டீச்சர்? இந்தத் தோட்டத்துல பெரிய தொர ஒண்ணு சொன்னா அதான் கணக்கு. நான் ஆபீசுல பாக்குறேன்ல."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கை முழுக்க அப்படித்தான். அப்போது உள்ளேயிருந்து தனம் வந்தாள்.

"அப்பா, டீச்சர் சொல்றது நெசந்தான். நான் பெருக்கிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். சரியா வந்துச்சு."

"சரியா வந்துச்சுன்னா ஏம்மா தப்புன்னு போட்டாரு?"

"அத அவருகிட்டதான் கேக்கணும்."

"யாரு கேக்குறது?" என்றார் வேலாயுதம். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்பிள பேசி முடிச்சாச்சு டீச்சர். தெலுக் அன்சன்ல கட வச்சிருக்காரு. நல்ல எடம்" என்றார். கதவோரம் நின்ற அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தனம் என்னோடு வண்டி வரைக்கும் வந்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்த நேரத்திலும் இருட்டாகத்தான் இருந்தது. கொசு மொய்த்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் கல் மாதிரி இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாளே, அந்த முகம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? அவரு ஏன் பெருக்கிப் பாக்கல? எவ்ளோ நேரம் ஆயிடும்?"

"தெரியல தனம்" என்றேன்.

இன்றைக்குத் தெரியும். தன் தவற்றுக்குத் தானே விலை கொடுக்க வேண்டியவன்தான் பெருக்கிப் பார்ப்பான். தனம் பார்த்தாள், நான் பார்த்தேன். கிரேசன் தவறினால் அதற்கு விலை கொடுக்கிறவர்கள் வேறு எங்கோ, பெயரைக்கூட அவர் கேட்டிராத ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அவர் எதற்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும்?

மற்ற இரண்டு பெண்களும் சீமைப் பரீட்சை எழுதினார்கள். இருவரும் அல்ஜீப்ராவில் தேறினார்கள். மைனஸ் கணக்குகளை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் எழுதினோம் என்று சொன்னார்கள். சீமையில் தாள் திருத்திய யாரோ ஒருவர் வழியையும் படித்திருக்கிறார். இதை மிஸ் ஹார்டிங்கிடம் போய்ச் சொன்னேன். "சந்தோஷம்" என்றார். அதற்கு அடுத்த வாரம் அல்ஜீப்ரா வகுப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மூன்று பேரில் ஒருத்தி தவறிவிட்டதால், பெண்களுக்கு இந்தப் பாடம் பாரமாக இருக்கிறது என்று நிர்வாகக் குழு முடிவு செய்ததாம். தனத்தின் தோல்வியை வைத்தே மற்றவர்கள் வழியையும் அடைத்துவிட்டார்கள். தகரக் கூரை அறையில் தையல் மெஷின்களைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் பொத்தான் துளை தைக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. அப்பா தவறிப்போயிருந்தார். தங்கைகள் இருந்தார்கள். விடவில்லை. வேலையை விட்டுவிட்டால் அவர்களுக்கு நிம்மதியாகிவிடும் என்ற எண்ணமும் இருந்தது. அந்த நிம்மதியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும்போது அல்ஜீப்ரா வகுப்பு வேண்டும் என்று மிஸ் ஹார்டிங்கிடம் போய் நின்றேன். ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம் என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முடியும் தறுவாயில் மிஸ்டர் கிரேசன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்பட்டார். ஆண்கள் பள்ளியில் விடை கொடுக்கும் விருந்து வைத்தார்கள், எங்களையும் கூப்பிட்டார்கள். பெரிய மண்டபம், மாலை, பாராட்டுரை. அவருடைய பொறுமையைப் பற்றி ஒருவர் பேசினார். நீதியைப் பற்றி இன்னொருவர் பேசினார். எங்கள் பள்ளி சார்பில் மாலை போட மிஸ் ஹார்டிங் என்னைக் கூப்பிட்டார். "வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள், மிஸ்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அவருக்குக் காரணம் தெரியும்.

பேச்செல்லாம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிரேசனே என்னைத் தேடி வந்தார். கழுத்தில் மாலை, கையில் கோப்பை. வயதாகியிருந்தார். நான் எழுந்து நின்றேன். அதுவும் ஒரு வழக்கம்தான்.

"மிஸ் கோமதி, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்" என்றார். "உங்கள் பெண் ஒருத்தி. அந்த மைனஸ் கணக்கு. நீங்கள் சொன்னது சரி. அவள் எழுதியது முற்றிலும் சரி. அன்றைக்கே எனக்குத் தெரியும்."

பெரிய பரிசு ஒன்றைக் கொடுத்துவிட்டு நன்றிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். நான் நினைத்திருந்ததெல்லாம் அவர் கடைசி வரைக்கும் மறுப்பார் என்றுதான். மறுத்திருந்தால் தேவலை. மூட்டை கட்டியாயிற்று, மாலை போட்டாயிற்று, இனிமேல் சொன்னால் ஒன்றும் குறையாது. இப்போது சொல்கிறார். அதுவும் என்னிடம், என் காதுக்கு மட்டும்.

"இதை மிஸ் ஹார்டிங்கிடம் சொல்லுங்கள், சார். இங்கேதான் இருக்கிறார்."

"ஓ, அதெல்லாம் எப்போதோ நடந்தது. இப்போது யாருக்கு என்ன பயன்?"

"அப்படியானால் என்னிடம் ஏன் சொன்னீர்கள்?"

அவர் கோப்பையை இன்னொரு கைக்கு மாற்றினார். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரிந்தும் குரலைத் தணிக்கவில்லை.

"அந்தப் பெண்ணின் பெயர் தனம், சார். தெலுக் அன்சனில் இருக்கிறாள். அவள் புருஷன் பாசார் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நீங்கள் என்னிடம் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டும். தெற்கே போகிற ரயிலில் ஏறினால் தாப்பா ரோடு ஸ்டேஷனில் மாறிக்கொள்ளலாம். இருட்டுவதற்குள் போய்விடலாம்."

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மரியாதையாகத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்.

அன்று மாலை அவரை வழியனுப்ப ஊரில் பாதிப் பேர் ஸ்டேஷனுக்குப் போனோம். நானும் போய் நின்றேன். முதலில் தெற்கே போகிற ரயில் வந்தது, நின்றது, போயிற்று. அவர் பெட்டிகளின் பக்கத்தில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பினாங்குக் கப்பலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற ரயில் வந்தது. அதில் ஏறிக்கொண்டார்.